சிறு மோட்டார் படகில் ஸ்டியரிங் இறுகினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழவேற்காடு முதல் கோவளம் வரை, பின்பலகையில் அவுட்போர்டு மோட்டாரும் முன்னால் கார் போலச் சக்கரமும் வைத்த சிறு ஃபைபர் படகுக்காரர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் ஒன்று உண்டு: "ஸ்டியரிங் திரும்ப மாட்டேங்குது." அதை ஒட்டி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பகுதி கேபிள் ஸ்டியரிங் பற்றியது. ஹைட்ராலிக்கும், கையால் பிடித்துத் திருப்பும் மோட்டாரும் பின்பகுதியில் வருகின்றன.

சக்கரத்தைத் திருப்பினால் மோட்டார் எப்படித் திரும்புகிறது?

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கியர் பெட்டி இருக்கிறது. சக்கரம் சுற்றும்போது அது தடித்த கேபிளுக்குள் ஓடும் எஃகுக் கம்பியைத் தள்ளும் அல்லது இழுக்கும். கேபிள் படகின் ஓரத்திலேயே பின்பக்கம் வரை போகும். அங்கே மோட்டாரைத் தூக்கி இறக்கும் அச்சு ஒரு குழாய். மெக்கானிக்குகள் அதை டில்ட் ட்யூப் என்பார்கள். கேபிளின் கடைசியில் உள்ள ஸ்டெயின்லெஸ் தண்டு இந்தக் குழாய்க்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். அந்த முனையிலிருந்து ஒரு சின்ன இணைப்புக் கம்பி மோட்டாரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆக, இறுகக்கூடிய இடம் ஐந்துதான்: கியர் பெட்டி, கேபிள், குழாய், இணைப்புக் கம்பியின் மூட்டு, மோட்டார் இடவலமாகத் திரும்பும் அச்சு. எதில் கோளாறு என்று தெரியாமல் கிரீஸ் கன்னை எடுப்பதில் பயன் இல்லை.

கொஞ்சம் இறுக்கம் சகஜம்தானே? பழகிவிட்டால் போதாதா?

போதாது. இறுக்கம் ஒரே நாளில் வருவதில்லை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் கை அதற்குப் பழகிவிடுகிறது. சக்கரத்தில் கூடுதலாகப் போடும் பலமெல்லாம் கியர் பெட்டியின் பற்களுக்கும் கேபிளின் உள்கம்பிக்கும்தான் போகிறது. அது அறுந்தால் வேகத்தில் போகும்போதுதான் அறும், கரையில் நிற்கும்போது அல்ல. அறுந்த நொடியில் மோட்டார் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், படகில் இருப்பவர்கள் தூக்கி எறியப்படலாம். குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகிற படகில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு: மோட்டாரின் இழுப்பு கைக்கு வராமல் தடுக்கும் வகை கியர் பெட்டிகளில் லேசான பிடிமானம் புதிதிலேயே இருக்கும். அது இரண்டு பக்கமும் ஒரே அளவாக, மாறாமல் இருக்கும். நேற்றைவிட இன்று கனம் என்றால் அது இந்தப் பிடிமானம் அல்ல.

எங்கே பிடித்திருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு ஸ்பேனர் செட்டும் அரை மணி நேரமும் போதும். முதலில் சாவியை எடுத்துவிட்டு பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மோட்டாரை நேராக இறக்கி வையுங்கள்.

இணைப்புக் கம்பியை மோட்டார் பக்கத்தில் கழற்றி, மோட்டாரைக் கையால் இடமும் வலமும் தள்ளுங்கள். ஒருவர் சாதாரணமாகத் தள்ளினாலே அது அசைய வேண்டும். மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தால் கோளாறு மோட்டாரின் அச்சில். கேபிள் மேல் பழி இல்லை.

மோட்டார் லேசாகத் திரும்பினால் இப்போது சக்கரத்தைச் சுற்றுங்கள். இன்னும் இறுக்கம் என்றால் டில்ட் ட்யூபின் வாயில் உள்ள பெரிய நட்டைத் திறந்து, தண்டைக் குழாயிலிருந்து முழுவதுமாக வெளியே இழுத்துவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். இப்போது சுலபமாகச் சுற்றினால் அடைப்பு குழாய்க்குள். அப்போதும் கனம் என்றால் கேபிளோ கியர் பெட்டியோ. கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, வெறும் சக்கரத்தைச் சுற்றினால் அதுவும் தெரிந்துவிடும்.

சக்கரமும் சுலபம், மோட்டாரும் சுலபம், சேர்த்துப் பூட்டினால் மட்டும் கனம் என்றால் இணைப்புக் கம்பியைப் பாருங்கள். அதன் மூட்டு நட்டை யாரோ முழு பலத்தோடு முறுக்கியிருப்பார்கள். அந்த மூட்டு அசைய வேண்டிய இடம். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று மோட்டாரின் கையேட்டில் இருக்கும்.

பெரும்பாலும் எதில்தான் இருக்கும்?

கடல் படகுகளில் முதல் சந்தேகம் டில்ட் ட்யூப் மேல்தான். பழைய கிரீஸ் காய்ந்து, உப்போடும் துருவோடும் கலந்து, தண்டைச் சுற்றிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தண்டை வெளியே இழுத்ததும் அதன் மேல் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். நல்ல கிரீஸ் விரலில் வழுக்கும். கெட்டுப்போனது அடிப்பிடித்த அல்வா மாதிரி பழுப்பாக, நெருநெருவென்று இருக்கும்.

குழாயைச் சுத்தம் செய்வது எப்படி?

தண்டைப் பழைய துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அழுத்தித் துடையுங்கள். குழாயின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர் அளவுதான், விரல் போகாது. அந்த அளவுக்கு ஒரு வட்டக் கம்பி பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய மரக்குச்சியின் முனையைக் கீறி அதில் எமரி தாளைச் செருகிச் சுற்றிக்கொள்ளலாம். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ப்பது, துணியை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுப்பது, மறுபடி தேய்ப்பது. துணி பழுப்பில்லாமல் வெளியே வரும்வரை இதை விடக்கூடாது. அவசரத்தில் பாதியில் நிறுத்திப் புது கிரீஸ் போட்டால், உள்ளே மிச்சமிருக்கும் துருத்தூள் புது கிரீஸையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

துடைத்த தண்டின் மேல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். எங்கும் சிக்காமல் வழுக்கிப் போக வேண்டும். குழி குழியாக அரித்து நகம் மாட்டினால், எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் அந்தக் கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு தண்டின் முழு நீளத்துக்கும் கிரீஸ் பூசி உள்ளே விடுங்கள். குழாயின் வாயில் தண்ணீர் புகாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம் உள்ள மூடி சில படகுகளில் இருக்கும். உங்கள் படகில் இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள், செலவு சொற்பம். இணைப்புக் கம்பியில் வருவது நைலான் உள்ள பூட்டு நட்டு. கழற்றியதையே திரும்பப் போடாமல் புதியது போடுங்கள். கடைசியாக, மோட்டாரை இரண்டு ஓரத்துக்கும் முழுவதுமாகத் திருப்பி, தூக்கியும் இறக்கியும் பார்த்த பிறகே தண்ணீரில் இறக்குங்கள்.

தண்டு குழாயை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

துரு இளக்கும் எண்ணெயைக் குழாயின் இரண்டு வாயிலும் விட்டு, ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் தண்டின் முனையில் பழைய நட்டு ஒன்றை மாட்டி மரையைக் காப்பாற்றிக்கொண்டு, மரக்கட்டையை வைத்து அதன் மேல் சுத்தியால் தட்டுங்கள். ஒரே அடியில் வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். ஒரு விரற்கடை உள்ளே போனால் திரும்ப இழுத்து, மறுபடி எண்ணெய் விட்டுத் தட்டுங்கள். இப்படி ஆட்டி ஆட்டித்தான் அது வழிக்கு வரும்.

குழாயைச் சூடாக்கினால் உதவும், ஆனால் சூடான காற்று ஊதும் கருவியால் மட்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் புழங்கும் இடத்தில் கேஸ் டார்ச்சைப் பற்றவைப்பது படகையே கொளுத்தும் வேலை. பக்கத்தில் யாராவது "லேசா காட்டினா போதும்ணே" என்று லைட்டரோடு வந்தாலும் சம்மதிக்காதீர்கள்.

எதற்கும் அசையாவிட்டால் கேபிளைக் குழாய்க்கு வெளியே வெட்டிவிட்டு, உள்ளே மாட்டிய துண்டை மட்டும் தட்டி எடுக்க வேண்டியதுதான். அந்த அளவுக்குப் பிடித்த கேபிளைக் காப்பாற்றிப் பயனில்லை.

கேபிளுக்குள்ளேயே எண்ணெய் விட்டால் சரியாகிவிடாதா?

கேபிளின் உறைக்குள் இருக்கும் கம்பிக்குத் தொழிற்சாலையிலேயே கிரீஸ் போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்து கம்பி துருப்பிடித்தால் அது உப்பி, உறையோடு உரசும். முனையில் எண்ணெய் விட்டால் சில நாள் சுலபமாகத் தெரியும், உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். உறையில் வெடிப்போ, ஓரிடத்தில் வீக்கமோ, பழுப்புக் கறையோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேபிளின் விலையை வைத்து யோசிக்காமல், அது அறுந்தால் என்ன ஆகும் என்பதை வைத்து யோசியுங்கள்.

டில்ட் ட்யூபில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. கன்னை வைத்து நிரம்ப அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் சக்கரத்தைச் சுற்றித் தண்டு முழுவதும் குழாய்க்குள் போன நிலையில்தான் அடிக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. தண்டு வெளியே நீட்டியிருக்கும்போது கிரீஸை நிரப்பினால், தண்டு திரும்பி வர இடமில்லாமல் உள்ளே கிரீஸே அடைத்துக்கொள்ளும். அப்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் பூட்டியது போல நின்றுவிடும். மோட்டார் கம்பெனிகள் தங்கள் கையேட்டிலேயே எச்சரிக்கும் விஷயம் இது. அடித்து முடித்ததும் சக்கரத்தை இரண்டு ஓரத்துக்கும் சில முறை சுற்றி, வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள்.

எந்த கிரீஸ்?

தண்ணீரில் கரைந்து போகாத மரைன் கிரீஸ். எதைப் போட்டாலும் முன்பு இருந்ததைத் துடைத்தெடுத்துவிட்டுப் போடுங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வகை கிரீஸ் கலந்தால் ஒன்று தண்ணீராகிவிடும், இல்லாவிட்டால் கட்டியாகும். துரு இளக்கும் ஸ்ப்ரேயை கிரீஸுக்குப் பதிலாக அடிப்பதும் தவறு. இருக்கிற கிரீஸையும் அது கழுவி எடுத்துவிடும்.

கேபிளைக் கழற்றிவிட்டோம், மோட்டாரே திரும்பவில்லை.

அப்படியானால் மோட்டாரின் திரும்பும் அச்சில்தான் பிரச்சினை. இதற்கும், மோட்டாரைப் பின்பலகையில் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ கிரீஸ் நிப்பிள் இருக்கும். அதன் வாயைத் துடைத்துவிட்டு கன்னால் அடியுங்கள். கீழும் மேலும் உள்ள இடைவெளியில் முதலில் கறுப்பாகப் பழைய கிரீஸ் வரும், அப்புறம் புதுசு வரும். புதுசு வரும்வரை அடிப்பதும், ஒவ்வொரு முறையும் மோட்டாரை இடவலம் ஆட்டுவதுமாகப் போக வேண்டும்.

கிரீஸே உள்ளே போகவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கும். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள், அல்லது புதியது போடுங்கள். நிப்பிள் இருந்த ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தால், காய்ந்த கிரீஸ் இளகி வழி கிடைக்கும். இதற்கும் அசையாத மோட்டாரை அச்சோடு பிரித்து புஷ் மாற்ற வேண்டும். அது ஒர்க்‌ஷாப் வேலை. நீளமான கம்பியைச் செருகி நெம்பிப் பார்க்க வேண்டாம், அலுமினிய பிராக்கெட் விரிசல் விட்டால் செலவு பல மடங்கு.

புதுக் கேபிளுக்கு எந்த நீளம் கேட்பது?

பழைய கேபிளின் உறையில் எண் அச்சிட்டிருக்கும், அதைக் கடையில் காட்டுவதே உத்தமம். எண் அழிந்திருந்தால் அளந்துகொள்ளுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து படகின் ஓரம் வரை, ஓரத்தோடு பின்பலகை வரை, அங்கிருந்து மோட்டாரின் நடு வரை. மூன்றையும் கூட்டி, கேபிள் டில்ட் ட்யூப் வழியாகப் போகும் படகுக்கு இன்னும் அரை அடி சேர்த்து, வரும் கணக்கை அடுத்த முழு அடிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். 3 அடி, 9 அடி, 3 அடி என்றால் பதினைந்தரை ஆகும், 16 அடி கேபிள் கேளுங்கள். உங்கள் கியர் பெட்டி எந்த வகையோ அதே வகைக் கேபிள்தான் பொருந்தும் என்பதால் பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

பூட்டும்போது வளைவுகளை அகலமாக விடுங்கள். வளைவின் ஆரம் 20 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் புதுக் கேபிளும் கனமாகவே இருக்கும். மீன்பெட்டிக்கோ பேட்டரிக்கோ இடம் வேண்டும் என்று கேபிளை மடக்கிக் கட்டிய படகுகளில், கேபிளை அவிழ்த்து நேர்செய்தாலே பாதிக் கனம் குறைவதுண்டு.

கியர் பெட்டியைப் பிரித்து கிரீஸ் போடலாமா?

சிறு படகுகளில் வரும் பெட்டிகள் பெரும்பாலும் பிரித்துப் பழுதுபார்க்கும்படி செய்யப்பட்டவை அல்ல. சக்கரத்தில் ஆட்டம் அதிகமாகியிருந்தாலோ, சுற்றும்போது கடகடவென்று பல் தாண்டினாலோ பெட்டியையும் கேபிளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒரு பக்கம் சுலபம், மறுபக்கம் மட்டும் கனம். ஏன்?

கரையில் நிற்கும்போது இரண்டு பக்கமும் சமம், ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் துரு காரணம் அல்ல. சுழலும் புரொப்பல்லர் மோட்டாரை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைச் சமன் செய்யத்தான் புரொப்பல்லருக்கு மேலே மீன் துடுப்பு போல ஒரு சின்னத் தகடு பல மோட்டார்களில் வைத்திருக்கிறார்கள். படகு இடப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை இடப்பக்கம் திருப்ப வேண்டும், வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம். போல்ட்டைத் தளர்த்தி கொஞ்சமாகத் திருப்பி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருத்துங்கள். துத்தநாகத்தில் செய்த தகடு அரிமானத்தையும் தன் மேல் வாங்கிக்கொள்வதால் தேய்ந்து பாதியாகியிருக்கலாம். அப்போது புதிது போடாமல் எப்படித் திருப்பினாலும் பயன் இருக்காது. அதன் மேல் பெயின்ட் அடிக்கவும் கூடாது.

மோட்டாரைப் படகோடு ஒட்டி அதிகமாக உள்ளே சாய்த்து ஓட்டினாலும் படகின் முன்பகுதியான அணியம் தண்ணீரில் புதைந்து ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அது சாய்வை மாற்றினாலே சரியாகும்.

எங்கள் படகில் ஹைட்ராலிக் ஸ்டியரிங்.

அதிலும் முதல் சோதனை அதேதான்: சிலிண்டரை மோட்டாரிலிருந்து கழற்றி, மோட்டார் கையால் திரும்புகிறதா என்று பாருங்கள். சக்கரம் மெத்தென்று அமுங்கி, வழக்கத்தைவிட அதிகச் சுற்று சுற்றினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றினால் சரியாகும். ஆனால் காற்று எப்படிப் புகுந்தது என்று கேளுங்கள். எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஸ்டியரிங் கம்பெனி சொல்லும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். கார் பிரேக் ஆயில் சீல்களைத் தின்றுவிடும், அவசரத்துக்குக்கூட வேண்டாம்.

சக்கரமே இல்லை, கை ஹேண்டிலால் திருப்பும் மோட்டார். அதுவும் இறுகியிருக்கிறது.

முதலில் பிராக்கெட் பக்கம் உள்ள பிடிமானத் திருகையோ லிவரையோ பாருங்கள். எவ்வளவு கனமாகத் திரும்ப வேண்டும் என்பதை வைத்துக்கொள்ள அது கொடுத்திருக்கிறார்கள். யாராவது முறுக்கிவிட்டிருந்தால் தளர்த்தினாலே போதும். அது சரியாக இருந்தால், மேலே திரும்பும் அச்சுக்குச் சொன்ன கிரீஸ் வேலைதான்.

தினமும் கழுவுகிறோம். அப்படியும் ஏன் இறுகுகிறது?

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். சென்னையில் கடற்கரையை ஒட்டிய பல தெருக்களில் போர் தண்ணீரே உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது ஊரறிந்த சங்கதி. உப்புப் போரில் கழுவிக் காயவிட்டால் அதன் உப்பும் தண்டின் மேல்தான் படியும். மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ ஒரு குடம் ஒதுக்குங்கள். படகு முழுவதற்கும் வேண்டாம், டில்ட் ட்யூபின் இரண்டு வாய், இணைப்புக் கம்பி, வெளியே தெரியும் தண்டு இவற்றுக்கு மட்டும் ஊற்றித் துடைத்தால் போதும்.

அப்புறம், நிறுத்தும்போது எந்தப் பக்கம் திருப்பினால் தண்டு குழாய்க்குள் போகிறதோ அந்தப் பக்கம் மோட்டாரைத் திருப்பி நிறுத்துங்கள். இரவெல்லாம் உப்புக்காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுதான் முதலில் அரிக்கும்.

மழைக்காலம் முழுவதும் படகு சும்மாவே கிடக்கும். என்ன செய்து வைப்பது?

ஓடாத படகில்தான் ஸ்டியரிங் சீக்கிரம் இறுகும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் குழாயைச் சுத்தம் செய்து புது கிரீஸ் போடுங்கள். அதன்பின் டிசம்பர் முடியும்வரை வாரம் ஒருமுறை படகடிக்குப் போய் சக்கரத்தை இரண்டு ஓரத்துக்கும் சுற்றிவிட்டு வாருங்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. உங்களால் போக முடியாவிட்டால் படகைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் சொல்லிவையுங்கள்.

பெரிய வேலை இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்த நாட்களில் காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க நிற்கும், சின்ன வேலைக்கு மெக்கானிக்கின் நேரம் கிடைப்பது சிரமம்.

உதிரிபாகம் எங்கே வாங்கலாம்?

நட்டு, போல்ட்டு, பிரஷ், கிரீஸ் கன் எல்லாம் பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ஸ்டெயின்லெஸ் கேட்கும்போது 316 என்று சொல்லிக் கேளுங்கள், 304 கடலில் சீக்கிரம் கறை பிடிக்கும். கேபிளையும் கியர் பெட்டியையும் மோட்டார் விற்பனையாளரிடமோ படகு சாமான் கடையிலோதான் வாங்க வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்கும் வண்டிக் கேபிளை வெட்டி ஒட்டவைப்பது கடலுக்கு ஆகாது.

கடலில் போகும்போதே ஸ்டியரிங் மாட்டிக்கொண்டால்?

உடனே வேகத்தைக் குறைத்து மோட்டாரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எல்லோரையும் உட்காரச் சொல்லுங்கள், லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கரையருகே அலை உடையும் இடத்துக்கோ முகத்துவாரத்துக்கோ பக்கத்தில் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் நங்கூரத்தைப் போடுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் படகு நின்ற பிறகு.

மோட்டாரை நிறுத்திவிட்டு இணைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். கோளாறு கேபிளிலோ குழாயிலோ இருந்தால் மோட்டார் இப்போது கையால் திரும்பும். ஒருவர் முன்னால் கியரையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்துத் திருப்பியபடி, மிக மெதுவாகக் கரை சேரலாம். வேகம் கூட்டினால் மோட்டார் கையை உதறிவிட்டுத் திரும்பிவிடும். மோட்டாரை அணைக்கும் கில் சுவிட்ச் கயிறு ஓட்டுபவர் மேல் மாட்டியிருக்கட்டும். இதற்காகவே அந்த நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்றும், மாற்று நட்டும், ஒரு துடுப்பும் எப்போதும் படகில் இருக்க வேண்டும்.

தனியாக இருக்கிறீர்கள், அல்லது கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்றால் கையால் திருப்ப முயலாமல் உதவி கேளுங்கள். கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தின் எண் 1093. கரையிலிருந்து தள்ளிப் போனால் செல்போன் சிக்னல் கிடைக்காது, ஆகவே புறப்படும்போதே எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.